கிளெனிஸ் பூட்டிய கதவும் பத்தரை மணி டீயும்

கிளெனிஸ் பாஸ்கோவைத் திட்டாத பேராசிரியர் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒருவர்கூட இல்லை. அவள் சுட்ட ஸ்கோன் பன்னைத் தின்னாதவரும் ஒருவர்கூட இல்லை. இரண்டையும் ஒரே வாயால்தான் செய்வார்கள். நாட்டின் தென்கோடித் தீவில், ஹோபார்ட் துறைமுகத்தை ஒட்டியிருக்கும் கடலியல் கட்டடத்தில் ஸ்டோரையும் படகையும் இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவன் நான். அந்த வாய்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து எந்த வேலை செய்தாலும் அதன் காகிதம் கிளெனிஸின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். வருகிறவர் யார், அவருக்குப் பணம் கொடுப்பது யார், இங்கே கண்டுபிடித்தது அங்கே யார் கைக்குப் போகும், அதை வைத்து ஆயுதம் எதுவும் செய்ய முடியுமா என்று அவள் பார்ப்பாள். அவளுடைய பதவிக்கு ஒரு மூச்சில் சொல்ல முடியாத பெயர் ஒன்று உண்டு. நாங்கள் ‘சுங்கச்சாவடி’ என்போம். அது அவளுக்கும் தெரியும். டீக் கோப்பையில் அதையே பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்துக்கொண்டாள்.

அந்த வேலை அவளுக்கு வந்ததே ஒரு கூத்து. அவள் வடமேற்கே ஸ்மித்டன் பக்கம் பால் மாட்டுப் பண்ணையில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் தட்டச்சு வேலைக்கு வந்து, பிறகு பேராசிரியர்களுக்கு விமானச் சீட்டு போட்டுக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுத் தொடர்புகளைக் கண்காணிக்க ஆள் வேண்டும் என்று அரசு சொன்னபோது, எந்தப் பேராசிரியர் எந்த நாட்டில் யாரோடு சாப்பிட்டார் என்பது இந்த ஊரிலேயே ஒருத்திக்குத்தான் தெரியும் என்று மேலிடத்துக்குப் புரிந்தது. மறுவாரமே அவளுக்கு ஜன்னல் வைத்த அறை கிடைத்தது.

எல்லாவற்றுக்கும் ‘முடியாது’ என்று முத்திரை குத்திவிட்டு ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் இந்த வேலையில் உண்டு. நான் பார்த்திருக்கிறேன், அவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிளெனிஸ் அப்படி இல்லை.

“வேண்டாம்னு சொல்ல ஒரு நிமிஷம் போதும் நெவில்,” என்பாள் என்னிடம். “எப்படிச் செய்யலாம்னு கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.”

ஒரு பேராசிரியர் வெளிநாட்டு மாநாட்டுக்குத் தன் மடிக்கணினியோடு கிளம்பினார். கிளெனிஸ் அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டு, ஒன்றுமே இல்லாத இன்னொன்றைக் கொடுத்தாள். “காலி வாளியை எவனும் திருடமாட்டான். போய்ட்டு வா.” இன்னொருவர் வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்திலும் கௌரவப் பதவி வைத்திருந்தார். அதை எங்கும் சொல்லவில்லை. எல்லோரும் அவரைத் துரத்திவிடச் சொன்னார்கள். கிளெனிஸ் அவரை உட்காரவைத்து, “ரெண்டு வீட்டுல சாப்பிடலாம் கண்ணு. ரெண்டு வீட்டுக்கும் சொல்லிட்டுச் சாப்பிடணும்,” என்று சொல்லிப் படிவத்தை நீட்டினாள். மனிதர் இன்றும் இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு லுவான் யூசின் வந்தாள். சிங்தாவ் நகரத்தில் கடற்பாசி வளர்ப்பில் கைதேர்ந்தவள். எங்கள் கரையோரத்தில் முன்பு இருபது மீட்டர் உயரத்துக்குக் காடு மாதிரி நின்ற பாசி, கடல் சூடேறியதில் அழிந்துபோயிருந்தது. நூற்றில் ஐந்து பங்குகூட மிச்சமில்லை. வெப்பம் தாங்கும் செடிகளைத் தேர்ந்து, அவற்றின் கண்ணுக்குத் தெரியாத விதைகளை நூல்கண்டுகளில் ஒட்டவைத்து, குளிர்ந்த தொட்டிகளில் வளர்த்துக் கடலில் நட வேண்டும். இங்கே ஆசை இருந்தது. கை அவளிடம் இருந்தது.

இருபத்தேழு பக்கப் படிவத்தை கிளெனிஸும் அவளும் நாலு நாள் சண்டை போட்டு நிரப்பினார்கள்.

“எங்க மாமனார் பட்டாளத்துல இருந்தாரான்னு எதுக்குக் கேக்கற?”

“நான் கேக்கல, ஃபாரம் கேக்குது.”

“சமையக்காரரா இருந்தாரு.”

“நல்லாச் சமைப்பாரா?”

“கேவலமாச் சமைப்பாரு.”

“அப்போ அவரால நம்ம நாட்டுக்கு ஆபத்து ஒண்ணுமில்ல,” என்று கிளெனிஸ் கட்டத்தில் குறியிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் இணைபிரியாத சிநேகம்.

கீழ்த்தளத்தில் யூசினின் தொட்டி அறைக்கு எதிரே பழைய பட்டறை. அதன் மூலையில் கோப்பை கழுவும் தொட்டி, அதற்கு மேலே சுவரில் பதித்த வெந்நீர்ப் பெட்டி. குழாயைத் திருகினால் கொதிக்கிற தண்ணீர் வரும். கட்டடம் முழுவதற்கும் அது ஒன்றுதான். காலை பத்தரைக்கும் மதியம் மூன்றுக்கும் பேராசிரியர், மாணவர், துப்புரவு செய்பவர் எல்லோரும் அங்கே கோப்பையோடு நிற்போம். எங்கள் பக்கத்தில் பத்தரை மணி டீ என்பது யாரும் முடிவு பண்ணிப் போகிற விஷயம் இல்லை. கால் தானாக எழுந்து போகும்.

இந்த வருஷம் ஜனவரியில் கடலடியில் ஆளில்லாமல் ஓடும் வண்டி ஒன்று வந்து சேர்ந்தது. ஒலியை வைத்துக் கடல் தரையைப் பார்க்கும் கருவி அதில் உண்டு. கடற்படைக்கும் அதில் பங்கு இருந்ததால் பூட்டிய அறையில், அனுமதி பெற்ற ஆறு பேர் கையில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். அதை வைக்கப் பெரிய அறை பட்டறை ஒன்றுதான். கதவுக்குப் புதுப் பூட்டு போட்டார்கள். அட்டையைக் காட்டினால்தான் திறக்கும், யார் எப்போது காட்டினார்கள் என்று எழுதிக்கொள்ளும். கிளெனிஸ் நின்று பார்த்து, இழுத்துப் பார்த்து, திருப்தியோடு போனாள்.

ஏப்ரல் கடைசியில் தலைநகர் கான்பெர்ராவிலிருந்து சோதனைக்கு வாரிக் டன்ஸ்டன் என்பவர் வந்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர். புதன்கிழமை காகிதங்களைப் பார்த்தார். வியாழக்கிழமை மதியம் பேராசிரியர் லாக்லன் தோர்ப்பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். யூசினை வேலைக்கு எடுத்ததே லாக்லன்தான். அரை மணியில் அவர் வெளுத்த முகத்தோடு ஸ்டோருக்கு வந்தார்.

“நெவில், யூசின் அந்த ரூமுக்குள்ள நூத்தி முப்பத்தெட்டு தடவை போயிருக்கா.”

“எந்த ரூமு?”

“வண்டி இருக்கற ரூமு. நாலு மாசத்துல. அவ அட்டையை நிறுத்தியாச்சு. திங்கக்கிழமை கமிட்டி.”

அவளுடைய ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் நீட்டிப்பதைப் பற்றித்தான் அந்த கமிட்டி பேச இருந்தது. இப்போது அவளை அனுப்பிவிடுவதைப் பற்றிப் பேசும். அவள் போனால் ஜூன் நடவும் போகும். தொட்டியில் நூற்று எண்பது நூல்கண்டுகள் இருந்தன. அவற்றைத் தொடத் தெரிந்த கை இந்தத் தீவில் வேறு எதுவும் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணக்கைக் கேட்டதும் நானும் அரை மணி நேரம் யூசினைச் சந்தேகப்பட்டேன். மூன்று வருஷம் என் படகில் வந்தவள், என் மகள் கல்யாணத்தில் ஆடியவள். அவளைப் போய் ‘ஒருவேளை’ என்று நினைத்தேன். எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

அவள் கத்தவில்லை, அழவில்லை. தொட்டி அறைக்குள் போக அட்டை இல்லாததால் கண்ணாடிக்கு வெளியே நின்று எனக்குச் சொன்னாள்: “தண்ணி பன்னெண்டு டிகிரிக்கு மேல போகாம பாத்துக்க நெவில். காத்துக் குழாய் அடைச்சா தட்டாத, ஊது.” பிறகு மாடி நூலகத்தில் போய் உட்கார்ந்தாள்.

கிளெனிஸ் யாரிடமும் யூசினுக்காகப் பரிந்து பேசவில்லை. எனக்கு அது கோபம். “உன் சிநேகிதிதானே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லேன்,” என்றேன்.

“சிநேகிதின்னு சொன்னா அது சாட்சி ஆகுமா? பூட்டு எழுதின மொத்தப் பட்டியலையும் எடு. அவளோடது மட்டுமில்ல, எல்லாரோடதும்.”

வெள்ளிக்கிழமை காலையிலேயே இருவரும் அவள் அறையில் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். யூசின்: பத்து இருபத்தெட்டு, மூன்று இரண்டு. மறுநாள் பத்து முப்பத்தொன்று, மூன்று ஒன்று. அடுத்து லாக்லனின் பெயரைப் பார்த்தோம்: பத்து முப்பது, மூன்று. துப்புரவு செய்யும் பெண்: பத்து முப்பத்திரண்டு. அப்புறம் என் பெயர். இருநூற்று நான்கு தடவை.

கிளெனிஸ் பென்சிலைக் கீழே வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து இருபத்தொன்பது. நாங்கள் இருவரும் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தோம்.

“ஐயோ நெவில்,” என்றாள் மெதுவாக.

அனுமதிப் பட்டியலை எடுத்தாள். மேலே ஆறு பெயர்கள், ஒழுங்காக. கீழே ஏழாவதாக ஒரு வரி: ‘டீக்கு வருபவர்கள் — அனைவரும்.’ நாற்பத்து மூன்று பேர். பக்கத்தில் அவளுடைய கையெழுத்து. புதுப் பூட்டு போட்ட அன்று, வெந்நீர் இல்லாமல் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று அவளே சேர்த்த வரி. முப்பத்தெட்டு வருஷ வேலையில் ஆயிரம் கதவைச் சரிபார்த்தவள், இந்த ஒன்றை மட்டும் கதவாகவே நினைக்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். எங்கள் ஊர் வேலி மேயவில்லை, ஊரையே டீ குடிக்க உள்ளே கூப்பிட்டுவிட்டது. உலகத்தில் வேறெங்கும் இந்தத் தவறை யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்வேன்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “திங்கக்கிழமை வரைக்கும் அவ நூலகத்துல உக்காரப் போறா, என் கையெழுத்தால,” என்றாள்.

திங்கட்கிழமை கமிட்டிக்கு, அந்த அறை என் பொறுப்பு என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். கிளெனிஸ் கடல் மாதிரி நீல நிறத்தில் நல்ல கோட்டு போட்டிருந்தாள். தான் எழுதிய அறிக்கையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, உட்காராமல் நின்றாள்.

“நூத்தி முப்பத்தெட்டுல நூத்தி முப்பது பத்தரைக்கும் மூணுக்கும் நடந்தது. மீதி எட்டு யாரோட பிறந்தநாளோ, கேக் வெட்டப் போனது. தேதி போட்டிருக்கேன்.”

வாரிக் காகிதத்தைப் புரட்டினார். “பாதுகாப்பான அறைக்குள்ள வெந்நீர்ப் பெட்டி எதுக்கு?”

“வெந்நீர்ப் பெட்டி இருந்த அறைக்குள்ளதாங்க வண்டி வந்துச்சு.”

“நாற்பத்து மூணு பேருக்கு அனுமதி குடுத்தது யாரு?”

“நான். முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன். டாக்டர் லுவான் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். நான் திறந்துவிட்ட கதவு வழியா நடந்தாங்க.” பிறகு கொஞ்சம் தயங்கினாள். “கடைசிப் பக்கத்துல நாற்பத்து நாலாவது ஆளும் இருக்காரு. புதன்கிழமையிலருந்து ஏழு தடவை.”

வாரிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். தன் பெயரைப் பார்த்தார். தன் கையில் ஆவி பறக்கிற கோப்பையைப் பார்த்தார். சோதனை போட வந்தவர் கையும் கோப்பையுமாகப் பிடிபட்டதில் லாக்லன் மேசைக்கடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை, வாய்விட்டே சிரித்தேன்.

“என்கிட்ட யாரோ பிஸ்கட் இருக்குன்னு சொன்னாங்க,” என்றார் வாரிக், காது சிவந்து. பிறகு கோப்பையைத் தள்ளி வைத்தார். “சரி, சிரிச்சாச்சு. நாலு மாசம் அந்த ரூமுக்குள்ள யாரு வேணா போயிருக்கலாம். அது உண்மைதானே?”

“உண்மைதான். அதை நான் சின்னதாக்கப் பாக்கல,” என்றாள் கிளெனிஸ். வண்டியின் பெட்டிகளில் எண் போட்ட முத்திரைகள் ஒன்றும் உடையவில்லை, கணினிகளை அந்த ஆறு பேர் தவிர எவரும் தொடவில்லை என்று வெள்ளிக்கிழமையே கடற்படை ஆட்களை வரவழைத்துச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கியிருந்தாள். “வண்டியைத் துறைமுகக் கிடங்குக்கு மாத்துங்க. ஆறு பேரு மட்டும். பாசி ஆராய்ச்சியில மறைக்க ஒண்ணுமில்ல, அதை உலகத்துக்கே திறந்து வைங்க. ரெண்டையும் ஒரே கூரைக்குக் கீழ வச்சது என் தப்பு. மூட வேண்டியதைத் திறந்துட்டு, உள்ள இருக்க வேண்டிய ஆளை வெளியில நிறுத்திட்டோம்.”

கமிட்டி அப்படியே ஒத்துக்கொண்டது. யூசினுக்கு மூன்று வருஷ நீட்டிப்பு. கிளெனிஸின் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவள் வாழ்க்கையில் முதலாவது. அதை அவளே நகல் எடுத்து எங்களுக்கும் கொடுத்தாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். யூசினின் அட்டை அன்றே திரும்பியது. தொட்டிகளுக்குத் திரும்பினாள். ஆனால் செவ்வாய்க்கிழமை பத்தரை மணி டீக்கு அவள் வரவில்லை. புதனும் வரவில்லை. வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்து தனியாகக் குடித்தாள். நீட்டிப்புக் காகிதத்தில் அவள் கையெழுத்து வேண்டும், ஜூன் கடைசிக்குள். அதை வாங்கிப் பைக்குள் வைத்தவள் வெளியே எடுக்கவே இல்லை. சிங்தாவிலிருந்து திரும்பி வரச் சொல்லி அவளுடைய பழைய நிறுவனம் கேட்கிறது என்று லாக்லன் முணுமுணுத்தார்.

வியாழக்கிழமை கிளெனிஸ் ஒரு தட்டு ஸ்கோனோடு தொட்டி அறைக்கு வந்தாள். நான் வடிகட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். யூசின் தட்டைப் பார்க்காமல் இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தாள். அதே இருபத்தேழு பக்கப் படிவம், வெறுமையாக.

“உக்காரு,” என்றாள். “முழுப் பேரு?”

கிளெனிஸ் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தாள். “கிளெனிஸ் மாட் பாஸ்கோ.”

“இதுக்கு முன்னாடி யாருகிட்ட வேலை?”

“ஸ்மித்டன்ல எங்க அப்பாகிட்ட. சம்பளம் தரல.”

“வெளிநாட்டுக்காரங்களோட தொடர்பு?”

“ஒருத்தியோட. மூணு வருஷமா. தினம் ரெண்டு வேளை.”

“மறைச்ச விஷயம் எதாவது இருக்கா?”

கிளெனிஸ் ஸ்கோன் தட்டைத் தரையில் வைத்தாள்.

“இருக்கு,” என்றாள். “அந்த வியாழக்கிழமை ஒரு மணி நேரம் உன்னைச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்படறது என் வேலை. வேலைங்கறதால உனக்கு வலிக்காதுன்னு நான் சொல்லமாட்டேன்.”

யூசின் பேனாவோடு என் பக்கம் திரும்பினாள். “நீ?”

“அரை மணி நேரம்,” என்றேன். தலை நிமிரவில்லை.

“லாக்லன்?”

“அவருக்கு யோசிக்கவே ரெண்டு நாள் ஆகும்,” என்றாள் கிளெனிஸ். “இன்னும் ஆரம்பிச்சிருக்க மாட்டாரு.”

யூசினின் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கினாள் என்றுதான் நினைக்கிறேன். “மொத்தம் ஒண்ணரை மணி நேரம்,” என்று படிவத்தில் எழுதினாள். “அனுமதி உண்டு, நிபந்தனையோட. ஜூன் நடவுக்கு நீ படகுல வரணும். மேசையில உக்காந்துக்கிட்டு என் பாசியைப் பத்தி எழுதினது போதும்.”

கிளெனிஸின் முகம் தொங்கிப்போனது. தீவில் பிறந்து தீவில் வளர்ந்தவள், குளியல் தொட்டியில் அலை அடித்தாலே அவளுக்குத் தலை சுற்றும். “வரேன்,” என்றாள்.

ஸ்கோனை யூசின் எடுத்தாள். கையெழுத்தைப் பற்றிக் கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

ஜூன் இரண்டாம் வாரம், எங்கள் ஊரில் குளிர்காலம், பல் கிட்டுகிற குளிர். படகை விரிகுடாவின் வாயில் நிறுத்தினேன். அலை ஒன்றும் பெரிதில்லை. கிளெனிஸ் ஏற்கெனவே இரண்டு தடவை கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்திருந்தாள். ஆனால் வேலையை விடவில்லை. யூசின் நூல்கண்டைப் பிரிக்க, கிளெனிஸ் அதைத் தடிக் கயிற்றின் மேல் நெருக்கமாகச் சுற்ற, நான் கயிற்றைக் கீழே நிற்கிற முக்குளிப்போருக்கு இறக்கினேன். நூலில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்த செடிகள் நகக்கண் அளவுதான் இருக்கும். அவற்றைப் பார்க்கும்போது எனக்குக் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

“இன்னும் இறுக்கிச் சுத்து,” என்றாள் யூசின். “கல்யாண மாலை கட்டறியா?”

“வயிறு வாய்க்கு வருது, இதுல இறுக்கமா வேணுமா உனக்கு?” என்றாள் கிளெனிஸ். சுற்றினாள். நாலு சுற்றுக்குப் பிறகு, கயிற்றிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள். “யூசின், நீ போயிடப் போறியா? சொல்லிடு. நெஞ்சுல கல்லு மாதிரி இருக்கு எனக்கு.”

யூசின் கையை நிறுத்தினாள்.

“போறவளா இருந்தா நூத்தி எண்பது கண்டு சுத்தியிருப்பேனா?” என்றாள். “கையெழுத்துப் போட்டு உன் மேசையில வச்சு மூணு வாரம் ஆச்சு. நீ பேசுவேன்னு நானும் தினம் பாக்கறேன். அந்தக் காகித மலையை ஒரு நாளாவது கிளறிப் பாத்தியா?”

கிளெனிஸ் வாயைத் திறந்தாள். பேச்சு வருவதற்குள் வேறு வந்துவிட்டது. கம்பிக்கு ஓடினாள். யூசின் பின்னாலேயே போய் அவள் கோட்டின் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கிளெனிஸ் வாந்தியும் சிரிப்பும் அழுகையுமாகக் கடலைப் பார்த்துக் குனிந்திருந்தாள், யூசின் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், பிடியை மட்டும் விடவில்லை.

கீழே இருந்து முக்குளிப்பவர் கயிற்றை இரண்டு தடவை இழுத்தார். அடுத்ததை அனுப்பச் சொல்கிறார் என்று அர்த்தம்.